நெல்சன் கப்பல் பட்டறை

கரிபியன் கடலில் ஆன்டிகுவாத் தீவின் தென்கரையில், இங்கிலிஷ் ஹார்பர் துறைமுகத்தில் உள்ள பழைய பிரித்தானியக் கடற்படைத் தளம். குன்றுகள் காற்றைத் தடுக்கும் ஆழமான குடா இது. 1723ஆம் ஆண்டுப் பெரும்புயலில் தீவின் பிற துறைகளில் நின்ற 35 கப்பல்கள் கரையில் ஒதுங்க, இங்கே நின்ற ஹெக்டர், வின்சல்சி என்னும் போர்க்கப்பல்கள் சேதமின்றித் தப்பின என்பர். 1728இல் துறைமுகத்தின் கிழக்குக் கரையில் முதல் பட்டறை எழுந்தது. 1740களில் மேற்குக் கரையிலும் பணி தொடங்கியது.

இன்று காணும் கட்டடங்களிற் பெரும்பாலானவை 1785–1794 காலத்தவை. செங்கல் பலவும் இங்கிலாந்திலிருந்து கப்பல்களின் அடிபாரமாக வந்தவை. கரும்புத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளும், கடற்படையே உடைமையாக வைத்திருந்த அடிமைகளும் இங்கு உழைத்தனர். கல்தச்சர், கொல்லர், கலப்பத்து அடிப்போர் எனக் கைதேர்ந்தவர் அவர்களுள் பலர். உலர்துறை இல்லாததால், கப்பலைச் சாய்த்தே அடிப்பகுதியைப் பழுதுபார்த்தனர். பீரங்கிகளையும் அடிபாரத்தையும் இறக்கி, பாய்மர உச்சியில் கட்டிய கயிறுகளைக் கரையிலுள்ள பெரிய உருளைகளில் ஆட்கள் சுற்றச் சுற்ற, கப்பல் மெல்லச் சாய்ந்து ஏராக்கட்டையைக் காட்டும். பாசி சுரண்டி, கீல் பூசி, கடற்புழு துளைக்காதபடி செப்புத் தகடு அறைவர். பிறகு மறுபக்கம் சாய்ப்பர்.

ஹொரேஷியோ நெல்சன் 1784 முதல் 1787 வரை போரியாஸ் கப்பலின் தலைவராக இங்கிருந்தார். அமெரிக்கக் கப்பல்களின் வணிகத்தைச் சட்டப்படி தடுத்ததால் தீவின் வணிகர் அவரை வெறுத்தனர். அவருக்கும் இவ்விடம் பிடிக்கவில்லை. பட்டறைக்கு அவர் பெயர் பிற்காலத்திலேயே வந்தது.

1798இல் கடற்படை அதிகாரியான கேமல்ஃபோர்டு பிரபு, தம் ஆணைக்குப் பணிய மறுத்த பீட்டர்சன் என்னும் அதிகாரியை இங்கே சுட்டுக் கொன்றார். இருவருள் பதவியில் மூத்தவர் யார் என்பதே தகராறு. படைநீதிமன்றம் கேமல்ஃபோர்டை விடுவித்தது. அது நியாயமா என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. எதிர்க்கரையின் கிளாரன்ஸ் மாளிகை அக்கால இளவரசர் வில்லியமுக்காக எழுந்தது என்பது உள்ளூர் வழக்கு. அவர் தீவை விட்டுச் சென்றபின் கட்டியது என்போரும் உளர்.

1889இல் கடற்படை வெளியேறியது. 1951இல் தொடங்கிய சீரமைப்புக்குப் பின் 1961இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2016இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாயிற்று. இப்போது உல்லாசப் படகுகள் நிற்கும் துறை. கீல் வைத்திருந்த கிடங்கு விடுதியாகியுள்ளது. படகுக் கொட்டிலின் பருத்த கல்தூண்கள் கூரையின்றி நிற்கின்றன.