மையவாடிப் பூ தந்த மருந்து

விதைப்பாரும் நீர் வார்ப்பாரும் இன்றியே வளரும் செடி ஒன்று உண்டு. ஆண்டு முழுவதும் பூப்பதால் அதனை நித்தியகல்யாணி என்றனர். இடுகாடுகளில் தானே முளைத்துக் கிடப்பதால் சுடுகாட்டு மல்லி என்றும் பெயரிட்டனர். நம் ஊர் மையவாடிகளின் சுவரோரத்திலும் அதன் இளஞ்சிவப்புப் பூக்களைக் காணலாம். ஜனாஸாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும் நாம் அப்பூவை நின்று நோக்குவதில்லை.

ஆயினும், இரத்தப் புற்றுநோய் கண்ட எத்தனையோ குழந்தைகளை மையவாடியின் வாயிலிலிருந்து பள்ளிக்கூடத்திற்குத் திருப்பி அனுப்பியது அச்செடி தந்த மருந்தேயாகும். வின்கிறிஸ்டின் என்பது அதன் பெயர். அதே மருந்து, செலுத்தும் வழி மாறியதால் உயிரைப் பறித்த துயரமும் உண்டு. இவ்விரு வரலாறுகளையும் சேர்த்தே நாம் அறிதல் வேண்டும்.

முன்னோர் கண்ட எல்லை

புற்று என்னும் நோய் புதியதன்று. ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் பத்தாம் நூற்றாண்டில் புகழோங்கிய அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவி, நாட்பட்டுப் பெருத்துவிட்ட புற்றைத் தாம் குணப்படுத்தியதுமில்லை, பிறர் குணப்படுத்தக் கண்டதுமில்லை என்று ஒளிவின்றி எழுதிவைத்தார். தம் கலையின் எல்லையை ஒப்புக்கொண்ட அந்த நேர்மை போற்றத்தக்கது.

மருத்துவ மேதை இப்னு ஸீனாவோ, தமது 'அல்-கானூன்' நூலில் மருந்துகளைச் சோதித்தறியும் விதிகளை வகுத்தார். மருந்தின் வலிமை நோயின் வலிமைக்கு ஏற்றதாய் இருத்தல் வேண்டும். விலங்கிடம் கண்ட பயனை மனிதரிடமும் சோதித்தே உறுதி செய்தல் வேண்டும் என்பன அவற்றுட் சில. ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோய்க்கு மருந்து கண்டவர்களும் இவ்வழியேதான் நடக்க வேண்டியிருந்தது.

இருபத்தைந்து இலைகள்

நித்தியகல்யாணியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. கப்பல் வழியே அது வெப்ப நாடுகளெங்கும் பரவியது. ஜமைக்காத் தீவில் அதன் இலைக் கஷாயத்தை நீரிழிவு நோய்க்குக் குடித்து வந்தனர். 1952இல் அங்கிருந்து இருபத்தைந்து இலைகள் ஓர் உறையில் கனடாவுக்கு வந்து சேர்ந்தன. அவற்றைப் பெற்றவர் டாக்டர் கிளார்க் நோபிள். 1921இல் இன்சுலின் ஆராய்ச்சியில் பான்டிங்குக்கு முதலில் துணை நிற்பவர் யார் என்று நாணயம் சுண்டிப் பார்த்தபோது, சார்லஸ் பெஸ்ட்டிடம் அந்த வாய்ப்பை இழந்தவர் இவரே.

கிளார்க் அவ்விலைகளைத் தம் சகோதரர் ராபர்ட் நோபிளிடம் ஒப்படைத்தார். மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் அதன் சாற்றை எலிகளுக்குப் புகட்டிப் பார்த்தார். இரத்தச் சர்க்கரை குறையவில்லை. ஊசி மூலம் செலுத்தியபோதோ, எலிகள் சில நாள்களில் தொற்றுநோய் கண்டு மடிந்தன. ஏன் மடிந்தன என்று ஆராய்ந்ததில், அவற்றின் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தமை தெரிந்தது.

நீரிழிவுக்குப் பயன்படாத சரக்கு என்று அதனை வீசியெறிந்திருக்கலாம். ராபர்ட் அவ்வாறு செய்யவில்லை. வெள்ளணுக்களைக் குறைக்கும் பொருள், வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகும் நோய்க்கு மருந்தாகாதோ என்று எண்ணினார். 1954இல் வந்து சேர்ந்த வேதியியலார் சார்லஸ் பீர், பெருமுயற்சிக்குப் பின் வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். 1958இல் அச்செய்தி வெளியாயிற்று. அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கார்டன் ஸ்வபோடாவும் அவர்தம் குழுவினரும் அதே செடியை ஆராய்ந்து, வின்கிறிஸ்டினைக் கண்டெடுத்தனர். 1963இல் அமெரிக்க அரசு அதனை மருந்தாக ஏற்றது.

டன் கணக்கில் உலர்ந்த இலையைப் பிழிந்தாலும் சில கிராம் வின்கிறிஸ்டினே கிட்டும். திருநெல்வேலிப் பகுதியின் மானாவாரி நிலங்களிலும் இச்செடி பயிராகி, இலையும் வேரும் கடல் கடந்து சென்றன.

உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது, நுண்ணிய இழைகள் தோன்றி மரபுப் பொருளை இருபுறமும் இழுக்கின்றன. வின்கிறிஸ்டின் அவ்விழைகள் உருவாகாமல் தடுக்கிறது. பெருக முனைந்த புற்றணு பாதி வழியில் நின்று மடிகிறது.

அதுவரை இரத்தப் புற்று கண்ட குழந்தை பெரும்பாலும் சில மாதங்களே உயிர் வாழ்ந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் டாக்டர்கள் பிரெய், பிரெய்ரைக் ஆகியோர் வின்கிறிஸ்டினுடன் வேறு மூன்று மருந்துகளையும் சேர்த்துத் தரத் துணிந்தனர். அன்று தொடங்கிய கூட்டு மருத்துவம் படிப்படியாக வளர்ந்தது. இன்று வளர்ந்த நாடுகளில் இந்நோய்க்கு ஆளாகும் குழந்தைகளுள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர்.

வழி மாறிய ஊசி

வின்கிறிஸ்டின் சிரை வழியே மட்டும் செலுத்த வேண்டிய மருந்து. ஆனால், மூளையைச் சூழ்ந்த நீரில் புற்றணுக்கள் ஒளிந்துகொள்ளாதிருக்க, அதே குழந்தைக்கு மெத்தோடிரக்சேட் போன்ற வேறொரு மருந்தை முதுகுத்தண்டு வழியே தருவதுண்டு. இரண்டும் ஒரே நாளில், ஒரே அறையில், ஒரே வடிவான ஊசிக்குழல்களில் இருந்தால் என்ன ஆகும்? முதுகுத்தண்டில் வின்கிறிஸ்டின் புகுந்துவிட்டால், முடக்கம் கால்களில் தொடங்கி மேலேறி மூளையைப் பற்றுகிறது. உடனே முயன்று காப்பாற்றியவர் மிகச் சிலரே. அவர்களும் முழு நலம் பெற்றிலர். இத்தகைய மரணம் 1968இலேயே பதிவாகியுள்ளது. பின்னரும் பல நாடுகளில் அது திரும்பத் திரும்ப நேர்ந்தது.

2001 ஜனவரியில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் மருத்துவமனையில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவருக்கு இவ்வாறே நேர்ந்தது. புற்று அடங்கிப் பிழைத்துவரும் வேளையில் ஊசியால் இறந்தார். வெவ்வேறு நாளில் தர வேண்டிய இரு மருந்துகள் ஒன்றாக வந்து சேர்ந்திருந்தன. ஊசி போட்டவர் ஒருவர்; உடனிருந்து மேற்பார்த்தவர் மற்றொருவர். இருந்தும் தவறு தடைபடவில்லை. 1985 முதல் அந்நாட்டில் முதுகுத்தண்டு ஊசித் தவறுகளால் குறைந்தது 13 பேர் இறந்தோ முடங்கியோ போயினர் என்று அரசே ஒப்புக்கொண்டது. விசாரணை நடத்திய பேராசிரியர் பிரையன் டாப்ட், இது தனியொருவர் பிழையினால் மட்டும் நேர்ந்ததன்று. பல ஓட்டைகள் ஒரே கோட்டில் அமைந்த அமைப்பின் பிழை என்று காட்டினார்.

2007 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளுக்கும் எச்சரிக்கை விடுத்தது. வின்கிறிஸ்டினை ஊசிக்குழலில் வைக்காதீர். சலைன் கலந்த சிறு பையில் இட்டுச் சிரை வழியே சொட்டவிடுங்கள் என்பது அதன் சாரம். பையிலுள்ள மருந்தை முதுகுத்தண்டில் ஏற்ற எவர் கையும் முனையாதன்றோ? எளிய மாற்றம், ஆனால் உயிர் காக்கும் மாற்றம்.

இவ்வகைக் கண்காணிப்பு நமது வரலாற்றுக்கு அந்நியமன்று. 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்-ஷைஸரீ, அங்காடிக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபுக்கு எழுதிய கையேட்டில் மருந்து விற்போரையும் மருத்துவரையும் சோதிப்பதற்கெனத் தனி அத்தியாயங்களே வகுத்தார். நல்லவர் கையிலும் தவறு நேரலாம். ஆகவே பார்க்கும் கண் ஒன்று வேண்டும் என்பதை அக்காலத்தவர் உணர்ந்திருந்தனர்.

நாம் அறிய வேண்டியவை

இன்று அந்தக் கண்களுள் ஒன்று நோயாளியின் குடும்பத்தாருடையதாகும். என்ன மருந்து, எவ்வளவு, எவ்வழியே என்று பணிவுடன் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. மருந்து ஏறும்போது ஊசி முனையில் எரிச்சலோ வீக்கமோ கண்டால், குழந்தை அழுகிறது என்று தேற்றிக்கொண்டிராமல் அக்கணமே செவிலியரிடம் கூறவேண்டும். சிரைக்கு வெளியே கசிந்தால் இம்மருந்து சதையைப் புண்ணாக்கும். கை கால் மரத்துப்போதல், நடையில் தடுமாற்றம், தாடை வலி, கடுமையான மலச்சிக்கல் ஆகியவை நரம்பு பாதிக்கப்படுவதன் அறிகுறிகள், மறைத்தலாகாது. பூஞ்சைத் தொற்றுக்குரிய சில மாத்திரைகள் இதன் நச்சுத்தன்மையைக் கூட்டும். ஆதலின், உட்கொள்ளும் மருந்து அனைத்தையும் மருத்துவரிடம் சொல்லுதல் கடமை. சிகிச்சைக் காலத்தில் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது.

மற்றொன்று. "பூவில்தானே மருந்து இருக்கிறது" என்று எண்ணி நித்தியகல்யாணியைக் காய்ச்சிக் குடிப்போர் உளர். அச்செடி நச்சுடையது. டன் கணக்கான இலையிலிருந்து பிரித்தெடுத்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து, வாரம் ஒரு முறை என்று காலம் வகுத்துத் தருவதே மருந்து. அளவும் வழியும் அறியாத கஷாயம் மருந்தாகாது. ஜமைக்காவின் கஷாயத்தைக் குடித்து எவருக்கும் புற்று தீர்ந்ததில்லை என்பதை நினைவிற்கொள்க.

நோய்க்கு மருந்து தேடுதல் நம் மார்க்கம் அனுமதித்த நெறி. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். மருந்தின் பெயரையும் வழியையும் கேட்டறிவது ஒட்டகத்தைக் கட்டுவதாகும்; அதன் பின்னர் ஏந்தும் கைகளுக்கு அல்லாஹ் ஷிஃபாவை அருள்வானாக!

அடுத்த முறை மையவாடியிலிருந்து திரும்புகையில், சுவரோரத்து அந்தச் செடியைச் சற்றே நின்று நோக்குங்கள்.