பின்னால் வரும் பாரம்

எங்கள் பக்கத்துக் கட்டை வண்டிகளுக்கு பிரேக் இருந்ததே இல்லை. நான் பிறந்து வளர்ந்தது நெல்லிக்குப்பம் வட்டாரம். இந்தியாவின் மிகப் பழைய சர்க்கரை ஆலைகளில் ஒன்று 1840களில் தொடங்கப்பட்ட ஊர் அது. கெடிலத்துக்கும் தென்பெண்ணைக்கும் நடுவே கிடக்கும் இந்த மண்ணில், தலைமுறை தலைமுறையாகக் கரும்பு ஏற்றிய வண்டிகள் ஆலைக்குப் போயிருக்கின்றன. டன் கணக்கில் பாரம், இரண்டு மாடு, ஒரு வண்டிக்காரர். நிறுத்துவதற்கென்று வண்டியில் ஒரு கருவியும் கிடையாது. பிறகு எப்படி நின்றன? நான் டிராக்டரில் கரும்பு இழுக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு இந்தக் கேள்வியே வந்தது. இன்று ஊரெல்லாம் ஓடும் டிரெய்லர் அந்த வண்டியின் வாரிசு. பிரேக் இல்லாமையை மட்டும் அதனிடமிருந்து வாங்கிக்கொண்டு, அந்தக் குறையை ஈடுகட்டி வந்த மற்ற எல்லாவற்றையும் நாம் விட்டுவிட்டோம்.

முதல் ஈடு, சக்கரம். கட்டை வண்டியின் சக்கரம் ஏறத்தாழ ஐந்தடி உயரம். மரத்தால் ஆன குடம், ஆரக்கால், வட்டை, அதன்மேல் பழுக்கக் காய்ச்சி இறக்கிய இரும்புப் பட்டா. இருசின்மேல் குடம் உராய்ந்துகொண்டே சுற்றும். வண்டி மை போட்டாலும் அந்த உராய்வு போகாது. பட்டாவோ மண்ணில் புதைந்து புதைந்துதான் உருளும். மேட்டில் ஏறும்போது மாட்டை வாட்டிய அதே தடைதான் இறக்கத்தில் வண்டியைப் பிடித்துக்கொண்டது.

அதுவும் போதாத இடங்கள் உண்டு. எங்கள் பக்கம் சமவெளி என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். ஆனால் பாலம் இல்லாத காலத்தில் ஆற்றைக் கடக்கக் கரையிலிருந்து மணலுக்கு இறங்க வேண்டும். அந்த நாற்பது ஐம்பது அடி தூரத்தில்தான் எல்லாம் நடக்கும். இறக்கத்தில் பாரம் மாட்டைத் தள்ளும். நுகத்தடி கழுத்தைவிட்டு முன்னே நழுவிக் கொம்படியில் போய் முட்டும். மாடு பின்னங்காலை ஊன்றி, முதுகை வளைத்து, மொத்தப் பாரத்தையும் கழுத்தாலும் பூட்டாங்கயிற்றாலும் தாங்கும். என் அப்பா வண்டியிலிருந்து குதித்து மூக்கணாங்கயிற்றைக் குறுக்கிப் பிடித்துக்கொண்டு மாட்டுக்கு முன்னால் நடப்பார். பெரியப்பா பின்னால் தொங்குவார். பாரம் அதிகம் என்றால் ஒரு பக்கத்துச் சக்கரத்தின் ஆரக்காலைச் சட்டத்தோடு கயிறு போட்டுக் கட்டிவிடுவார்கள். அது சுழலாமல் மண்ணைக் கீறிக்கொண்டே இறங்கும். கீழே வந்ததும் மாட்டின் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அப்பா பீடி பற்றவைப்பார். பிரேக் அந்தக் கழுத்தில்தான் இருந்தது என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டாவது ஈடு, பாரம் ஏற்றும் முறை. இதில் பழைய வண்டிக்காரர்கள் காட்டிய கவனத்தை இன்று நினைத்தாலும் மதிப்புத்தான் வருகிறது. முளைக்குச்சிகளுக்கு நடுவே கரும்புக் கட்டுகளை அடுக்கும்போது, அடித்தண்டு கனமானது, சோகைப் பக்கம் இலேசானது என்பதால் கட்டுகளை மாற்றி மாற்றிப் போடுவார்கள். அடுக்கி முடித்து வடக்கயிறு இறுக்கியபின், மாட்டைப் பூட்டுவதற்கு முன்னால், அப்பா நுகத்தடிக்குக் கீழே தோளைக் கொடுத்து ஒருமுறை தூக்கிப் பார்ப்பார். இலேசாக எழுந்துவிட்டால் பின்பாரம். வண்டி அண்ணாந்து மாட்டின் தொண்டையை இறுக்கும். தூக்கவே முடியாவிட்டால் முன்பாரம் மிஞ்சிவிட்டது, கழுத்து புண்ணாகும். கொஞ்சம் முன்பாரமாக இருக்கும்படி ஒன்றிரண்டு கட்டுகளை நகர்த்தி வைத்த பிறகுதான் வண்டி களத்தை விட்டுக் கிளம்பும்.

பிறகு டயர் வண்டி வந்தது. டன்லப் போன்ற கம்பெனிகள் காற்றடைத்த டயரையும் பேரிங் வைத்த அச்சையும் மாட்டு வண்டிக்குக் கொண்டுவந்தன. சாலைக்குச் சேதம் குறைந்தது, மாட்டுக்கு இழுப்பது எளிதானது, அதே சோடி முன்னைவிட அதிகப் பாரம் இழுத்தது. நல்ல மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் சக்கரத்தின் உராய்வு போனதோடு இறக்கத்தில் இருந்த பிடிப்பும் போய்விட்டது. கூடுதல் பாரம் முழுதும் மாட்டின் கழுத்துக்கு வந்தது. பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநரான என்.எஸ். ராமசாமி 1970களின் இறுதியில் மாட்டு வண்டியைச் சீர்திருத்த வேண்டும் என்று நாடெங்கும் பேசியும் எழுதியும் வந்தார். அவ்வளவு பெரிய பதவியில் இருந்தவர் மாட்டின் கழுத்துப் புண்ணைப் பற்றிக் கவலைப்பட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன். அவர் சொன்னவை பெரும்பாலும் நடக்கவில்லை. அதற்குள் டிராக்டர் வந்து வண்டியையே ஓரங்கட்டிவிட்டது.

1959ல் ஃபரிதாபாத்தில் ஐஷர் டிராக்டர் வெளிவந்தது. அடுத்த ஆண்டு சென்னையில் டாஃபே நிறுவனம் மேஸி பெர்குசனோடு கைகோத்துத் தொடங்கியது. எங்கள் ஊரில் டிராக்டர் என்றால் வெகுகாலம் மேஸிதான். அந்தப் பெயரில் பாதிக்குச் சொந்தக்காரரான ஹாரி பெர்குசன், அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் 1884ல் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர். டிராக்டரின் பின்னால் ஏர்க் கருவியை மாட்டும் மும்முனை இணைப்பு அவருடையது. பலருக்குத் தெரியாத இன்னொரு வேலையும் அவர் செய்தார். 1946லிருந்து இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தயாரான அவருடைய சின்ன டிராக்டர் எடை குறைவானது. அதற்கு ஏற்ற டிரெய்லரையும் அவரே வடிவமைத்தார். அதன் அச்சு நன்றாகப் பின்னால் தள்ளியிருக்கும். பாரத்தில் ஒரு பங்கு கொக்கி வழியாக டிராக்டரின் பின்சக்கரங்கள் மேல் உட்காரும். எடை ஏறினால் சக்கரம் மண்ணைப் பற்றும். இழுக்கும்போதும் பற்றும், நிறுத்தும்போதும் பற்றும். என் அப்பா நுகத்தடியைத் தோளில் தூக்கிப் பார்த்து வைத்த அதே முன்பாரம்!

இந்தப் பாடத்தை நம் டிரெய்லர்கள் பாதிதான் கற்றுக்கொண்டன. இரண்டு சக்கர டிப்பரில் முன்னால் நிறைத்து ஏற்றினால் அந்தப் பலன் கிடைக்கும். ஆனால் அவசரத்தில் பின்பக்கம் கரும்பைக் குவித்துவிட்டால் கொக்கி மேலே தூக்கும், டிராக்டரின் பின்சக்கரம் இலேசாகும், பிரேக் பிடித்தால் வழுக்கும். நான்கு சக்கர டிரெய்லர் தன் பாரத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். டிராக்டருக்கு ஒரு கிலோ எடையும் தராது. இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளுவதை மட்டும் குறைவில்லாமல் செய்யும்.

டிராக்டரின் பிரேக்கைக் கிட்டே போய்ப் பாருங்கள். வலது காலுக்கு இரண்டு பெடல்; ஒன்று இடது பின்சக்கரத்துக்கு, மற்றொன்று வலது பின்சக்கரத்துக்கு. முன்சக்கரத்துக்கு பிரேக்கே இல்லை. வயலில் உழும்போது முடுக்கில் திருப்ப ஒரு பெடலை மட்டும் மிதித்தால், அந்தப் பக்கச் சக்கரம் நின்று வண்டி அந்த இடத்திலேயே வளையும். அதற்காகத்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பூட்ட விரல் நீளத்தில் ஒரு கொண்டி இருக்கும். சாலைக்கு வந்ததும் அதைத் தள்ளிப் பூட்ட வேண்டும். பூட்டாமல் பாரத்தோடு வந்து, பதற்றத்தில் கால் ஒரு பெடலில் மட்டும் விழுந்தால் டிராக்டர் குறுக்கே திரும்பும். பின்னால் வரும் டிரெய்லர் திரும்பாது. அது நேராக வந்து டிராக்டரை மடக்கிப் புரட்டிவிடும். நான் பார்த்த வண்டிகள் பலவற்றில் அந்தக் கொண்டி துருப்பிடித்து ஒட்டிக்கிடந்தது, அல்லது உடைந்து காணாமலே போயிருந்தது.

ஒரு தோராயக் கணக்கு சொல்கிறேன். டிராக்டர் 2 டன், டிரெய்லரும் கரும்பும் சேர்த்து 6 டன், ஆக 8 டன். கரும்புக் காலத்தில் இதைவிட எவ்வளவோ அதிகம் ஏற்றுகிறார்கள், அது வேறு. இந்த 8 டன்னையும் நிறுத்த வேண்டியவை இரண்டே சக்கரங்கள். அவற்றின் மேல் இருக்கும் எடையோ ஏறத்தாழ 1.3 டன்தான். உலர்ந்த தார்ச்சாலையில், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில், சமதரையில் வண்டி நிற்க 25 மீட்டர் ஆகும். வேகத்தைப் பாதியாக்கினால் தூரம் கால்பங்காகிவிடும், ஏறத்தாழ 6 மீட்டர். அதே 25 கிலோமீட்டரில், 20 அடிக்கு ஓரடி இறங்கும் சரிவு என்றால் 50 மீட்டர் தாண்டும். 10 அடிக்கு ஓரடி இறங்கும் ஆற்றங்கரைச் சரிவில் கணக்கே முடிந்துபோகிறது: பிரேக்கை முழுதாக மிதித்தாலும் வண்டி நிற்காது. சாலை நனைந்திருந்தால், செம்மண் சேறு படிந்திருந்தால், இதைவிடச் சிறிய சரிவே போதும். ஓட்டுநரின் திறமை, தைரியம் எதுவும் இந்தக் கணக்கை மாற்றாது. சரிவில் இறங்குவதற்கு முன்னால் என்ன செய்தோம் என்பது ஒன்றுதான் மாற்றும்.

எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், கட்டை வண்டி ஓட்டிவிட்டு டிராக்டருக்கு வந்தவர். ஏற்றத்துக்குப் போட்ட கியரிலேயே இறக்கத்திலும் இறங்க வேண்டும் என்பது அவர் விதி. “தம்பி, எறங்குறப்ப வண்டி ஒன்ன முந்திக்கினு போவப் பாக்கும். மேட்டு மேலயே கியர கொறச்சிக்க. பாதி வழில கிளட்ச்ச மெதிக்காத, மெதிச்ச, அப்பறம் அது ஒன் வண்டி இல்ல.” எஞ்சினைக் கொண்டே வண்டியைப் பிடித்து இறக்கச் சொன்னார். மாட்டின் கழுத்து செய்த வேலையை எஞ்சினிடம் கொடுக்க வேண்டும் என்பதை அவர் யாரிடமும் கற்கவில்லை. கயிற்றைக் குறுக்கிப் பிடித்து ஆற்றில் இறங்கிய அனுபவம் அவருக்கு அதைச் சொல்லியிருந்தது. அடுத்து வந்த தலைமுறை நேராக டிராக்டரில் ஏறிய தலைமுறை. டீசல் மிச்சம் என்று மேம்பாலத்து இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் அவர்களிடம் பரவியது. டீசல் விலை ஏறும்போதெல்லாம் அது கூடியது. கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் போனதுதான் காரணம் என்பேன். பிள்ளைகள்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

மேட்டில் நின்றுபோன டிரெய்லரை நிறுத்தி வைக்க நம்மிடம் இருப்பது கல். சக்கரத்துக்கு அண்டையாக ஒரு கருங்கல், அவ்வளவுதான். இந்தக் கல்லைப் பற்றி ரயில்வே வரலாற்றில் ஒரு கொடிய பாடம் இருக்கிறது. 1889 ஜூன் 12, அயர்லாந்தின் அர்மா நகரம். ஞாயிற்றுப் பள்ளிக் குழந்தைகளும் பெற்றோரும் நிறைந்த 15 பெட்டி உல்லாச ரயில் ஒன்று கடற்கரைக்குப் புறப்பட்டது. ஊருக்கு வெளியே மேட்டில் எஞ்சினால் இழுக்க முடியவில்லை. ரயிலை இரண்டாகப் பிரித்து முன்பாதியை முதலில் கொண்டுபோக முடிவு செய்தார்கள். அந்த ரயிலின் பிரேக், இணைப்பைக் கழற்றினால் பின்பெட்டிகளில் வேலை செய்யாத வகை. பின்னால் நின்ற 10 பெட்டிகளைப் பிடித்திருந்தவை கடைசி வண்டியின் கை பிரேக்கும், சக்கரங்களுக்குக் கீழே வைத்த கற்களும்தான். முன்பகுதி கிளம்பும்போது சற்றே பின்வாங்கி இடித்தது. கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகளும் சரிவில் உருண்டு, பின்னால் வந்துகொண்டிருந்த ரயிலில் மோதின. ஏறத்தாழ 80 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். பக்கத்து மாவட்டத்தில் ஹாரி பெர்குசனுக்கு அப்போது நான்கு வயது.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதமே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. பயணிகள் ரயிலின் எல்லாப் பெட்டிகளுக்கும் தொடர் பிரேக் வேண்டும். இணைப்பு அறுந்தால் அது தானாகவே பிடித்துக்கொள்ள வேண்டும். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் அப்படிப்பட்ட காற்று பிரேக்கை 1870களிலேயே செய்து காட்டியிருந்தார். தெரிந்த தீர்வை நடைமுறைக்குக் கொண்டுவரக் குழந்தைகள் சாக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நம் நாட்டிலும் நல்ல முன்மாதிரி உண்டு. 1899ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓடத் தொடங்கிய நீலகிரி மலை ரயிலில், ஏறத்தாழ 12 அடிக்கு ஓரடி ஏறும் பாதையில், பெட்டிக்கு ஒரு பிரேக்காரர் நிற்பார். எஞ்சினின் விசில் சைகைக்கு ஏற்ப அவரவர் பெட்டியை அவரவர் பிடிப்பார்கள். பின்னால் வரும் ஒவ்வொரு பாரத்துக்கும் அதற்கென்று ஒரு பிரேக் என்பதை நூற்றாண்டுக்கு முன்பே நம் மலையில் நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

டிரெய்லருக்கு பிரேக் வைப்பது பெரிய வித்தையும் இல்லை. டிராக்டரின் ஹைட்ராலிக் எண்ணெயைக் குழாய் வழியாகக் கொண்டுபோகலாம். அல்லது, டிராக்டர் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னே தள்ளுகிறதே, அந்தத் தள்ளலையே கொண்டு டிரெய்லரின் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் அமைப்பு இருக்கிறது. ஐரோப்பாவில் சின்ன டிரெய்லர்களுக்குப் பரவலாக அதைத்தான் வைக்கிறார்கள். எங்கள் பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள் இதைவிடச் சிக்கலான வேலைகளைத் தினமும் செய்கிறார்கள். செலவு யாருடையது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. வாடகைக்கு ஓட்டும் டிராக்டர்காரருக்கு டன்னுக்கு இவ்வளவு என்று கூலி. பிரேக் வைத்ததற்காகக் கூலி ஒரு ரூபாய் கூடாது. பிறகு அவர் ஏன் வைப்பார்?

ஆகவே ஆலைகளிடம் நான் கேட்பது இதுதான். பிரேக் உள்ள டிரெய்லருக்கு டன்னுக்குச் சில ரூபாய் கூட்டிக் கொடுங்கள். கரும்பு வெட்ட நீங்கள் தரும் கட்டிங் ஆர்டரில் அதற்கு முன்னுரிமை கொடுங்கள். சீசனில் ஒவ்வொரு டிரெய்லரும் ஆலையின் எடைமேடையில் ஏறி நின்றுதான் உள்ளே போகிறது. அங்கேயே ஒரு ஆள் குனிந்து பார்க்கட்டும்: பெடல்களைப் பூட்டும் கொண்டி விழுகிறதா, கொக்கியில் செருகும் பின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, அது உருவிக்கொண்டாலும் பிடித்துக்கொள்ளக் காப்புச் சங்கிலி மாட்டியிருக்கிறதா, பாரம் முன்னால் இருக்கிறதா, சக்கரத்துக்குக் கல்லுக்குப் பதிலாக மரக்கட்டை இருக்கிறதா, பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா. ஒரு வண்டிக்கு ஐந்து நிமிடம் ஆகும். வரிசையில் இரவெல்லாம் காத்துக்கிடக்கும் வண்டிகளுக்கு அந்த ஐந்து நிமிடம் பாரமாக இருக்காது.