தலைவர் நாற்காலிக்குச் செல்லும் வழி: ஊராட்சி மன்றங்களும் தலித் இளைஞர் தலைமையும்

சட்டமன்றத்துக்கோ மக்களவைக்கோ போட்டியிட 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். உள்ளாட்சிக்கு 21 போதும். 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தபோது சேர்க்கப்பட்ட 243எஃப் பிரிவு இதை உறுதி செய்கிறது. அதே திருத்தத்தின் 243டி பிரிவு, மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்பப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உறுப்பினர் இடங்களோடு தலைவர் பதவிகளையும் ஒதுக்க வேண்டும் என்கிறது. இவ்விரு பிரிவுகளையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பொருள் எளிமையானது. கிராமத்துத் தலித் இளைஞர் ஒருவர் இந்தியக் குடியரசில் முதன்முதலாக அதிகாரத்தைக் கையில் எடுக்கக்கூடிய இடம் ஊராட்சி மன்றம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் உள்ளன. 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்களில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர்.

சட்டம் திறந்து வைத்த இந்த வாயிலின் வழியாக எத்தகையவர் உள்ளே செல்ல முடிகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. 'தலித்துகளிடம் தகுதியான தலைமை இல்லை, பதவி கொடுத்தாலும் பயன்படுத்தத் தெரியவில்லை' என்ற பேச்சு மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் ஒரே தொனியில் ஒலிப்பதைக் களத்தில் இருப்போர் அறிவர். தலைமை உருவாகாமல் இல்லை. உருவான தலைமையை வடிகட்டுவதற்கென்றே ஊரில் ஓர் ஏற்பாடு இயங்குகிறது.

சேரியில் தலைமை எப்படி உருவாகிறது? பெரும்பாலும் அம்பேத்கர் பெயரிலான ஓர் இளைஞர் மன்றத்தில் அது தொடங்குகிறது. ஏப்ரல் 14 விழாவுக்கு வரி வசூலிப்பதும், மாலை நேரப் பாடம் நடத்துவதும், பெயர்ப் பலகை வைக்க ஊரோடு மோதுவதும் முதற்கட்டம். அடுத்து மனுக்கள் வருகின்றன: வீட்டுமனைப் பட்டா, சுடுகாட்டுப் பாதை, குடிநீர்க் குழாய், கல்வி உதவித்தொகை. 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபின் இந்த இளைஞர்களின் கைக்குப் புதிய கருவி ஒன்று கிடைத்தது. வட்டாட்சியர், வட்டார வளர்ச்சி அலுவலர், காவல் நிலையம் என்று ஐந்தாறு ஆண்டுகள் அலைந்த ஒருவர், ஊராட்சி நிர்வாகத்தை எந்தப் பயிற்சி முகாமிலும் கற்க முடியாத அளவுக்குக் கற்றுவிடுகிறார். அவரே இயல்பான வேட்பாளர். ஆதிக்கச் சாதியினர் வரக் கூடாது என்று முடிவெடுப்பதும் அவரைப் பற்றித்தான்.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஒதுக்கப்பட்ட ஊராட்சியிலும் வாக்களிப்போர் ஊரார் அனைவரும். பல இடங்களில் தலித்துகள் சிறுபான்மையினர். ஆகவே தலித் வேட்பாளர்களுள் எவர் வெல்வது என்பதைத் தலித் அல்லாதோரின் வாக்கே தீர்மானிக்கிறது. 1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் தனி வாக்காளர் தொகுதி கைவிடப்பட்டுக் கூட்டுத் தொகுதி ஏற்கப்பட்டபோது அம்பேத்கருக்கு இருந்த அச்சம் இதுவே. சட்டமன்றத் தனித்தொகுதியில் லட்சக்கணக்கான வாக்காளர்களுக்கு நடுவே இந்தச் சிக்கல் ஓரளவு மங்கித் தெரியும். ஆயிரத்து ஐந்நூறு வாக்குகள் உள்ள ஊராட்சியில் ஒவ்வொரு வாக்கும் யார் வீட்டுடையது என்று தெரியும். யாருடைய நிலத்தில் வேலை, யாருடைய கிணற்றில் தண்ணீர், யாரிடம் கடன் என்பவையும் தெரியும். மனுப்போட்டுப் பழகிய இளைஞர் ஒதுக்கப்படுகிறார்; பண்ணையில் வேலை பார்க்கும் ஒருவர் மனுத்தாக்கல் செய்ய அழைத்து வரப்படுகிறார். அவருடைய முன்மொழிவுப் படிவத்தைக்கூட வேறொருவர்தான் நிரப்புகிறார். அரசியல் நிர்ணய அவையில் கிராமத்தை அரசமைப்பின் அடிப்படை அலகாக்க அம்பேத்கர் மறுத்ததை 'மிகைக் கசப்பு' என்று எழுதியவர்கள் இந்த வேட்புமனுக் காட்சியை ஒருமுறையேனும் பார்த்திருக்க வேண்டும்.

மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை நடந்தது இந்த வடிகட்டலின் அப்பட்டமான வடிவம். தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதை ஏற்க மறுத்த ஆதிக்கச் சாதியினர் தேர்தலைப் புறக்கணித்தனர். எவரும் மனுத்தாக்கல் செய்யாமல் பார்த்துக்கொண்டனர். அதுவும் இயலாதபோது தாங்களே ஒருவரை நிறுத்தி வெல்லவைத்து, பதவியேற்ற கையோடு விலகல் கடிதம் எழுதி வாங்கினர். பத்தாண்டுக் காலம் அரசு மீண்டும் மீண்டும் தேர்தல் அறிவித்ததும் அது மீண்டும் மீண்டும் வெறுமையானதும் நம் சனநாயக வரலாற்றின் ஒரு பகுதி. 2006 அக்டோபரில் தான் முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றனர். அன்றைய மதுரை ஆட்சியர் உதயச்சந்திரனின் முயற்சி குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு நவம்பரில் முதல்வர் கருணாநிதி சென்னையில் 'சமத்துவப் பெருவிழா' நடத்தித் தலைவர்களைப் பாராட்டினார். தேர்தல் நடந்ததே சாதனைதான். ஆனால் அந்த விழாவில் உண்மையில் கொண்டாடப்பட்டது ஆதிக்கச் சாதியினர் வழங்கிய இசைவு. இசைவு பெறாத ஒருவர் வென்றிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதற்கு விடை அதே மாவட்டத்தில், மேலூர் வட்டத்தில், முன்பே எழுதப்பட்டிருந்தது.

மேலவளவு

1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி நடந்த முதல் தேர்தல் 1996 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. போட்டியிட்டால் வேலை கிடைக்காது, கால்நடைகளை மேய்க்க முடியாது, கிணறுகளில் தண்ணீர் எடுக்க முடியாது என்று தலித்துகள் மிரட்டப்பட்டனர். மனுத்தாக்கல் செய்தவர்கள் பின்வாங்க நேர்ந்தது. தலித் குடியிருப்பில் வீடுகள் எரிக்கப்பட்டன. அக்டோபர் தேர்தல் நடைபெறவில்லை. டிசம்பர் 28 அன்று நடந்த வாக்குப்பதிவில் வன்முறைக் கும்பல் புகுந்தது. டிசம்பர் 31 அன்று, காவல்துறைப் பாதுகாப்போடும் ஆதிக்கச் சாதியினரின் புறக்கணிப்போடும் நடந்த தேர்தலில் முருகேசன் வென்றார்.

வென்றபின் அவரால் ஊராட்சி அலுவலகத்துக்குள் இயல்பாகச் சென்று பணியாற்ற முடியவில்லை. அதற்கும் காவல்துறைப் பாதுகாப்புக் கேட்கவேண்டியிருந்தது. ஒரு தலைவர் தம் முதல் ஆறு மாதத்தில் செய்யவேண்டிய பணி என்று நாம் நினைப்பவை வேறு. முருகேசன் செய்த பணி, எரிக்கப்பட்ட வீடுகளுக்கு இழப்பீடு கேட்டு அலைந்தது. 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்றுவிட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தபோது, பட்டப்பகலில் பேருந்து மறிக்கப்பட்டது. முருகேசனும், துணைத் தலைவர் மூக்கனும், உடன் சென்ற நால்வரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். முருகேசனின் தலை துண்டிக்கப்பட்டது.

2001 ஜூலையில் சேலம் அமர்வு நீதிமன்றம் நாற்பது பேரில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளின் கீழ் தண்டனை இல்லை. பதவி ஒதுக்கீட்டை எதிர்த்துத் தொடங்கிய மோதல், தலைவரைக் கொன்றதில் முடிந்திருக்க, அதில் சாதியை நிறுவ இயலவில்லை என்ற நிலை இன்றும் சட்ட மாணவர்கள் ஊன்றிப் படிக்கவேண்டிய ஒன்று. உயர் நீதிமன்றம் 2006-இலும் உச்ச நீதிமன்றம் 2009-இலும் தண்டனையை உறுதி செய்தன. 2019 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டிய அரசாணையின்படி தண்டனைக் கைதிகள் 13 பேர் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டனர்.

கையொப்பம் என்னும் இரண்டாம் வடிகட்டி

தலைவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்பதவிக்கு ஒதுக்கீடு கிடையாது. ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரின் கூட்டுக் கையொப்பம் வேண்டும். பார்வைக்கு இது ஊழலைத் தடுக்கும் நல்லேற்பாடு. ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் இதன் விளைவு வேறு: தலைவர் பதவியை இழந்த ஆதிக்கச் சாதி, துணைத் தலைவர் பதவி வழியாகக் கருவூலத்தின் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. தெருவிளக்குக்குப் பல்பு வாங்கவும், தூய்மைப் பணியாளருக்கு ஊதியம் தரவும் அவர் கையொப்பமிட மறுத்தால் தலைவர் செயலற்றுப்போவார். மூன்று மாதம் கழித்து 'இவருக்கு நிர்வாகம் தெரியவில்லை' என்ற மனு ஆட்சியரிடம் செல்லும். 205-ஆவது பிரிவின்கீழ் தலைவரை நீக்கும் நடவடிக்கைக்கு அடித்தளம் அவ்வாறு இடப்படுகிறது. காசோலையின் இடத்தில் இன்று மின்னணுக் கையொப்பம் வந்திருக்கிறது. இருவர் இசைய வேண்டும் என்ற அமைப்பு மாறவில்லை.

இந்த ஏற்பாட்டுக்குப் பணியாதவர்களின் கதைகள் நெல்லைச் சீமையில் இருக்கின்றன. நக்கலமுத்தன்பட்டி ஊராட்சித் தலைவராக 2006-இல் வென்ற அருந்ததியர் ஒருவர், பொம்மையாக இருக்க மறுத்ததால், பொறுப்பேற்ற சில வாரங்களில் கொல்லப்பட்டார். அதே தேர்தலில் தாழையூத்து ஊராட்சித் தலைவரான கிருஷ்ணவேணி, பெண்களுக்குப் பொதுக் கழிப்பறை கட்டும் முயற்சியில் உறுதியாக நின்றார். 2011 ஜூனில் வீடு திரும்பும் வழியில் கொடூரமாக வெட்டப்பட்டு உயிர் பிழைத்தார். வழக்கில் ஆறு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது 2024-இல். இடையில் கடந்தவை 13 ஆண்டுகள்.

உயிருக்குக் குறிவைக்காத அவமதிப்புகளும் உண்டு. அவையே நாள்தோறும் நிகழ்பவை. 2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பெண் தலைவர் தேசியக் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியான பின் ஆட்சியர் முன்னிலையில் சில நாள் கழித்து ஏற்றினார். அவ்வாண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சிக் கூட்டத்தில் தலைவர் தரையில் அமர்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருந்த ஒளிப்படம் நாடெங்கும் பரவியது. ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாயிற்று. படம் எடுக்கப்படாத கூட்டங்களில் யார் எங்கே அமர்கிறார்கள் என்பதை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சட்டத்தில் பிடி இருக்கிறது

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-இல் செய்யப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இவ்வகையில் முக்கியமானது. பிரிவு 3(1)-இன் எல், எம், என் ஆகிய மூன்று உட்பிரிவுகளை இளைஞர் தலைவர்கள் மனப்பாடமாக அறிந்திருப்பது நல்லது. வாக்களிக்கவோ, மனுத்தாக்கல் செய்யவோ, முன்மொழியவோ விடாமல் தடுப்பது முதலாவதன்படி குற்றம். ஊராட்சித் தலைவராகவோ உறுப்பினராகவோ உள்ள பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருவரைத் தம் பணியைச் செய்ய விடாமல் மிரட்டுவதும் தடுப்பதும் இரண்டாவதன்படி குற்றம். தேர்தலுக்குப்பின் தாக்குவதும் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு விதிப்பதும் மூன்றாவதன்படி குற்றம். மேலவளவில் 1996-இல் நிகழ்ந்த ஒவ்வொரு படியும் இன்று தனித்தனியே பெயரிடப்பட்ட குற்றம். காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது இந்த உட்பிரிவுகளைக் குறிப்பிடாமல் 'தகராறு' என்று எழுதிக் கொடுத்தால் வழக்கும் தகராறாகவே முடியும்.

கையொப்பச் சிக்கலுக்கும் வழி உண்டு. துணைத் தலைவர் உள்நோக்கத்தோடு மறுக்கிறார் என்றால், ஊராட்சிகள் சட்டத்தின் 203-ஆவது பிரிவு தரும் அதிகாரத்தைக் கொண்டு அந்தக் கையொப்பப் பொறுப்பை வட்டார வளர்ச்சி அலுவலர் நிலையிலுள்ள ஒருவருக்கு ஆட்சியர் மாற்றலாம். பல மாவட்டங்களில் மாற்றியும் இருக்கிறார்கள். ஆனால் அதே கூட்டுப் பொறுப்பைத் தலைவருக்கு எதிராகப் பயன்படுத்துவதும் நடக்கிறது. ஒவ்வொரு மறுப்பையும் தீர்மானப் புத்தகத்தில் தேதியோடு பதிவு செய்தவருக்கே இந்த வழி பயன்படும்.

ஊராட்சிக்கு அப்பால்

ஊராட்சியில் ஐந்தாண்டு தாக்குப்பிடித்தவர் மேலே செல்ல முடிகிறதா? தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் 44 பட்டியல் சாதியினருக்கும், 2 பழங்குடியினருக்கும் உரியவை. மக்களவையின் 39 இடங்களில் 7 தனித்தொகுதிகள். அவற்றுக்கு வேட்பாளரைத் தேர்வு செய்வது கட்சித் தலைமை. கிராம ஊராட்சித் தேர்தலோ கட்சிச் சின்னமின்றி நடப்பது. ஆகவே ஊராட்சித் தலைவராகப் பெற்ற பட்டறிவுக்கு அடுத்த படியில் மதிப்பெண் எதுவும் இல்லை.

முன்னோடிகள் வேறு பாதையில் வந்தவர்கள். காட்டுமன்னார்கோயில் பகுதியில் 1924-இல் பிறந்த எல். இளையபெருமாள் தம் இருபதுகளின் இறுதியிலேயே, 1952-இல், கடலூர் இரட்டை உறுப்பினர் தொகுதியிலிருந்து முதல் மக்களவைக்குள் நுழைந்தார். 1965-இல் அவர் தலைமையில் அமைந்த குழு 1969-இல் அளித்த அறிக்கை, நாடு முழுவதும் நிலவிய தீண்டாமையை அரசு ஆவணமாக்கியது. அரியலூர் மாவட்டம் அங்கனூரிலிருந்து வந்த தொல். திருமாவளவனின் பாதையில் தேர்தல் புறக்கணிப்பே முதலில் இருந்தது. 1999-இல் அந்நிலைப்பாடு மாறியபோது அரசுப் பணியைத் துறந்து சிதம்பரத்தில் போட்டியிட்டார். ஒருவருக்குத் தேசியக் கட்சி, மற்றவருக்கு இயக்கம் துணையாக நின்றது. ஊராட்சித் தலைவருக்குப் பின்னால் இவ்விரண்டும் இல்லாதபோது அவர் தனியாள்.

தனியாளாகக் கற்பதற்கும் காலம் வேண்டும். அந்தக் காலமே பறிபோகிறது. 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தல் உயர் நீதிமன்ற ஆணையால் நின்றது. ஊரகத் தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில்தான் நடந்தது. புதிதாக எல்லை வகுக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர் வரை தள்ளிப்போயிற்று. 2016-இல் 21 வயதை எட்டிய இளைஞர் வேட்புமனுப் படிவத்தைக் கண்ணால் காணும்போது அவருக்கு 24, சில மாவட்டங்களில் 26. மீண்டும் 2025 ஜனவரி 5 அன்று 28 மாவட்டங்களின் ஊராட்சித் தலைவர்களுடைய பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடத்தப்படாமல் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். ஓர் ஊராட்சியில் பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீடு பத்தாண்டுக்கு ஒருமுறை சுழல்வது. தேர்தல் நடக்காத ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்கப்பட்ட ஊரில் ஒரு தலித் தலைவர் அமர்ந்திருக்கவேண்டிய நாற்காலி, எவருடைய புறக்கணிப்பும் இன்றியே, அரசாணையால் காலியாக இருக்கிறது.