காற்று திருப்பித் தந்த கூடாரம்

கூடாரம் வாங்குபவர்கள் பெரும்பாலும் எடையையும் விலையையும்தான் பார்ப்பார்கள். காற்றைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு.

1911 ஜூலை. அண்டார்டிகாவில் சூரியனே எழாத குளிர்காலம். கேப்டன் ஸ்காட்டின் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-கரார்ட் மூவரும் எம்பெரர் பென்குயின் முட்டைகளைத் தேடி கேப் குரோசியருக்குச் சென்றார்கள். அங்கே பனிப்புயலில் அவர்களது கூடாரம் பறந்துவிட்டது. அது இல்லாமல் திரும்பி வந்தால் மரணம் நிச்சயம். புயல் தணிந்ததும் தேடினார்கள். சுமார் அரை மைல் தள்ளி, மடக்கிய குடை போல, அதிக சேதமின்றிக் கிடந்தது!

காரணம் அதன் அமைப்பு. மூங்கில் கம்புகள் உச்சியில் ஒன்றாக இணைந்த பிரமிடு வடிவம். கனம்தான், ஆனாலும் காற்றில் கிழியாமல் மடங்கிக்கொண்டது.

1912 நவம்பர் 12 அன்று தேடுதல் குழு கண்டுபிடித்த ஸ்காட்டின் கடைசிக் கூடாரமும் பிரமிடு வடிவம்தான். உள்ளே ஸ்காட், வில்சன், பவர்ஸ் ஆகியோரின் உடல்கள். கூடாரம் மட்டும் பனிக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. தீர்ந்து போனவை உணவும் எரிபொருளும்தான்.