மருந்துக்கடைக் கோபுரம்

இராயப்பேட்டையிலிருந்து ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு வழியாக மவுண்ட் ரோடு முனைக்கு வந்து சேருகிறவர் யாராயிருந்தாலும், அங்கே ஒரு கணம் தலையை நிமிர்த்தியே தீரவேண்டும். கோபுரங்களும் வளைவுகளும் சிவப்புச் செங்கல்லுமாக நிற்கும் அந்தக் கட்டிடத்தைப் பார்த்து, ஏதோ நவாபு அரண்மனை என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக் கொள்வதுண்டு. அரண்மனையுமில்லை, தர்பாருமில்லை. அது ஒரு மருந்துக்கடை!

டபிள்யூ. இ. ஸ்மித் என்னும் வெள்ளைக்கார மருந்து வியாபாரிக்காக 1897-ல் எழுந்த மாளிகை அது. படம் போட்டவர் ஜே. எச். ஸ்டீபன்ஸ். தலைவலி மருந்து விற்க இவ்வளவு பெரிய கோபுரம் எதற்கு என்று கேட்கலாம். அந்தக் காலத்து வியாபாரிகளுக்குக் கட்டிடமே விளம்பரம், அவ்வளவுதான்.

1934-ல் அது பாரத் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியின் கைக்கு வந்தது. 1896-ல் லாகூரில் பிறந்த கம்பெனி. பிறகு டால்மியா வசமாயிற்று. 1955 டிசம்பரில் பெரோஸ் காந்தி அந்தக் கம்பெனிப் பணம் போன வழியைப் பாராளுமன்றத்தில் பிட்டுப் பிட்டு வைத்தார். அடுத்த வருஷமே ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் முழுவதும் சர்க்கார் உடைமையாகி, 245 நிறுவனங்கள் ஒன்றாகக் கரைந்து எல்.ஐ.சி. ஆயின. கட்டிடமும் கூடவே போய்ச் சேர்ந்தது.

2006-ல்தான் விபரீதம் வந்தது. கட்டிடம் பழுதாகி விட்டது, ஆபத்தானது என்று சொல்லி எல்.ஐ.சி. இடிக்கத் தொடங்கியது. எல்.ஐ.சி.யை வில்லனாக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. மவுண்ட் ரோடில் மனை என்ன விலை போகும்? அது பாலிஸிதாரர்களின் சொத்தல்லவா? ஒழுகும் மாடியை வைத்துக் கொண்டு என்ன செய்வது என்று அவர்கள் கேட்டால், அதிலும் நியாயம் இருக்கிறது. சொந்த மனையில் எதைக் கட்டுவது, எதை இடிப்பது என்று சொந்தக்காரர் தீர்மானிக்கக் கூடாதா? 1971-ம் வருஷத்து நகரமைப்புச் சட்டம் கூடாது என்கிறது, அனுமதி வேண்டும். ஆனால் அனுமதி கொடுக்கிறவர்கள் கட்டிடத்தின் வயதையும் அழகையும் பார்க்க வேண்டுமா? வழக்கின் உயிர்நாடி அதுதான்.

பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் சங்கத்தார் உயர் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். கடப்பாரை நின்றது. இங்கேதான், நாவலாசிரியன் எழுதினால் "இது நடக்கக் கூடியதா?" என்று வாசகர்கள் சண்டைக்கு வரக்கூடிய ஒரு திருப்பம். கட்டிடத்துக்குக் கை கொடுத்தது விளம்பரப் பலகை! நகரெங்கும் முளைத்த ராட்சதப் பலகைகளைப் பற்றிய வழக்கில், எந்தெந்தக் கட்டிடங்களின் பக்கத்தில் பலகை கூடாது என்று தீர்மானிக்க நீதிபதி பத்மநாபன் தலைமையில் உயர் நீதிமன்றம் ஒரு குழுவை அமைத்திருந்தது. அக்குழு நானூறுக்கு மேற்பட்ட கட்டிடங்களுக்கு ஜாபிதா தயாரித்தது. பலகைக்காகப் போட்ட அந்த ஜாபிதாவில் ஸ்மித்தின் மருந்துக்கடையும் இருந்தது. தன் விளம்பரத்துக்காக ஒருவர் கட்டிய மாளிகை, பிறர் விளம்பரத்தைத் தடுக்கப் போட்ட ஜாபிதாவால் பிழைத்தது.

2010 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது: இடிக்கக் கூடாது. ஜாபிதாவிலுள்ள கட்டிடங்களைக் கவனிக்கப் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றும் நீதிமன்றம் சொல்லிற்று. அதே ஆண்டில் குழுவும் அமைந்தது. 2012-ல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டமும் வந்தது.

இதெல்லாம் சந்தோஷமான சேதிதான். ஆனால் இடிக்காதே என்று சொல்வது ஒன்று. ஓட்டையை அடை என்று சொல்லி அதற்குப் பணமும் தருவது வேறொன்று. தீர்ப்புக்குப் பிறகும் பல மழைக்காலங்கள் அந்த மாடிக்குள் தாராளமாக இறங்கின. சுவர் இடுக்கில் செடிகள் முளைத்து, பார்த்துக் கொண்டிருக்கும்போதே மரமாயின. அவற்றுக்கு யாரும் அனுமதி கேட்கவில்லை.