ஒரே வாசல்

பத்து வயதுப் பெண்குதிரையின் கருமுட்டைக்கு வயது பத்துக்கும் மேல். அந்தக் குதிரை தன் தாயின் வயிற்றில் பதினொரு மாதம் கிடந்த காலத்திலேயே அதன் சினைப்பைக்குள் முட்டைகள் உருவாகி, பிரியத் தொடங்கி, பாதியில் அப்படியே நின்றுவிடுகின்றன. ஒவ்வொரு முட்டையையும் ஒற்றை அடுக்குச் செல்கள் போர்த்தியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு பொதிதான் ஃபாலிக்கிள். ஆயிரக்கணக்கில் இருக்கும் அவற்றில் மிகப் பெரும்பாலானவை விழிக்காமலே போகும், அல்லது விழித்துப் பாதி வழியில் கரைந்துவிடும். இது வாசல்வரை போய்ச் சேரும் ஒன்றின் கதை.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனைச் சுற்றிப் பந்தயக்குதிரைப் பண்ணைகள் நிறைய. நம் குதிரை அங்கே ஒரு லாயத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுக்குளிர்காலத்தில் அந்த ஊரில் பகல் ஒன்பதரை மணி நேரம்தான். இரவு நீள நீள, மூளையில் பினியல் சுரப்பி மெலடோனினைச் சுரந்துகொண்டே இருக்கும்; இனப்பெருக்க ஹார்மோன்கள் அடங்கிப்போகும்; சினைப்பைகள் சிறுத்து இறுகிக் கிடக்கும். இயற்கையின் கணக்கு இதில் பிசகவே இல்லை. வசந்தத்தில் சினை பிடித்தால், பதினொரு மாதம் கழித்து அடுத்த வசந்தத்தில், புல் தழைக்கும்போது குட்டி பிறக்கும்.

வட அரைக்கோளத்தின் பந்தயக்குதிரைகள் அனைத்துக்கும் ஜனவரி 1 பிறந்தநாள் என்பது மனிதர்கள் வைத்த கணக்கு. பிப்ரவரியில் பிறந்த குட்டியும் மே மாதம் பிறந்த குட்டியும் ஒரே வயதென்று ஓடவிடப்படும். அதனால் பண்ணைக்காரர்கள் டிசம்பர் தொடக்கத்திலேயே லாயத்தில் விளக்கேற்றி, பகலைப் பதினாறு மணி நேரமாக நீட்டுகிறார்கள். ஒரு கண்ணில் மட்டும் நீல ஒளி விழும் முகமூடியும் வந்துவிட்டது. ஒரு கண் பார்த்தாலே மூளை நம்பிவிடுகிறது. இரண்டு மாதத்துக்குச் சற்று மேலே போனால் சினைப்பை அசைந்துகொடுக்கும்.

ஆனால் உடனே முட்டை வராது. பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களைத் தர வேண்டும்: ஃபாலிக்கிளை வளர்க்கும் எஃப்.எஸ்.எச்., அதை முதிரவைத்து உடைக்கும் எல்.எச். முதலாவது சீக்கிரம் திரும்பிவிடும். இரண்டாவதன் கையிருப்பு குளிரில் வற்றிப்போயிருப்பதால் நாளாகும். அந்த இடைவெளியில் எத்தனையோ ஃபாலிக்கிள்கள் 35 மி.மீ. வரை பருத்து, உடைக்க ஆளின்றிச் சுருங்கிப்போகின்றன. வளர்ந்தும் வேளை வராதவை அவை.

பருவம் ஒருமுறை ஓடத் தொடங்கியதும் 21, 22 நாளுக்கு ஒரு சுற்று. போன சுற்றில் உடைந்த இடத்தில் உருவான மஞ்சள் உடலம் ப்ரோஜெஸ்ட்ரோனைச் சுரந்து எல்.எச்.சை அணை கட்டித் தடுத்திருக்கும்போதே, அடுத்த கூட்டம் கிளம்பிவிடுகிறது. நம் கதாநாயகி அந்தக் கூட்டத்தில் ஒன்று. 6 மி.மீ.; மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. கூடவே வளரும் தங்கைகளும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 மி.மீ. கூடுகின்றன. மூத்தது சுண்டைக்காய் அளவை, சுமார் 13 மி.மீட்டரை, எட்டும்போது எஃப்.எஸ்.எச். உச்சத்தில் இருக்கும். அதன்பின் இறங்கும். இறக்குவது வேறு யாருமில்லை, இந்தக் கூட்டமேதான். ஃபாலிக்கிள்கள் இன்ஹிபினைச் சுரந்து, தங்களை வளர்க்கும் உணவைத் தாங்களே குறைக்கின்றன.

மூத்தது 22, 23 மி.மீ., அதாவது அரைநெல்லிக்காய் அளவு. அடுத்தது 19. அங்கேதான் பாதை பிரிகிறது. மூத்தது தொடர்ந்து வளர்கிறது, மற்றவை தயங்கி நின்று தேய்கின்றன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் பெண்குதிரைகளின் சினைப்பையையே படித்த ஓ.ஜே. கின்தரும் அவர் குழுவினரும் இந்தப் பிரிவை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அளந்தார்கள். மூத்ததின் நீரில் ஐ.ஜி.எஃப்-1 என்னும் வளர்ச்சிக் காரணி கூடியிருக்கும், எல்.எச்.சைப் பிடிக்கும் ஏற்பிகளும் அதில் முளைத்திருக்கும். அதனால் எஃப்.எஸ்.எச். சொற்பமாகச் சொட்டினாலும் அது பிழைத்துக்கொள்கிறது. பிரிவு தொடங்கும் நேரத்தில் மூத்ததை நீக்கிப் பார்த்தார்கள். இரண்டாவது எழுந்து வளர்ந்தது. தகுதியில் அதற்கு எந்தக் குறையும் இல்லை, ஒரு நாள் பிந்தியது, அவ்வளவுதான். இத்துறையில் நான் படித்தவற்றில் என் மனத்தை மிகவும் உலுக்கியது இந்தச் சேதிதான்.

இனி ஒன்றே ஒன்று. ஈஸ்ட்ரோஜன் அதன் சுவரிலிருந்து ரத்தத்தில் கலந்து உடல் முழுதும் சேதி சொல்கிறது. குதிரை வாலை ஒதுக்கி, ஆண்குதிரையைக் கண்டால் விலகாமல் நிற்கிறது. கருப்பையின் மடிப்புகள் நீர்கோத்து, ஸ்கேன் திரையில் சாத்துக்குடியைக் குறுக்கே வெட்டிவைத்தது போலத் தெரிகின்றன. அந்தத் திரைக்கும் ஒரு வயது உண்டு. பிரான்சில் பால்மரும் ட்ரியான்கூரும் குதிரைகளில் ஸ்கேனைப் பயன்படுத்தியதை 1980-ல் வெளியிட்டார்கள். அதற்கு முன் மருத்துவரின் கை மட்டுமே. மலக்குடல் வழியாகத் தடவி, விரல் நுனியில் ஃபாலிக்கிளின் அளவையும் இறுக்கத்தையும் உணர்ந்தார்கள்.

குழந்தைப்பேற்று மருத்துவமனையில் ‘ஃபாலிக்கிள் ஸ்டடி’க்குப் போன பெண்களுக்கு 18, 20 என்ற எண்கள் தெரிந்திருக்கும். குதிரையில் அது 40-ஐத் தாண்டி, நல்ல எலுமிச்சம்பழ அளவுக்கு வரும். வேறுபாடு பருமனில் மட்டும் இல்லை. பெண்களிலும் பசுக்களிலும் எல்.எச். திடீரென்று பொங்கும், ஒன்று, ஒன்றரை நாளில் முட்டை வெளியேறும். குதிரையில் அப்படிப் பொங்குவதில்லை. பல நாட்களாக மெல்ல மெல்ல ஏறி, முட்டை வெளியேறிய மறுநாள்தான் உச்சத்தைத் தொடும். குதிரையின் எல்.எச். மூலக்கூறு சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்தது. ரத்தத்தில் நெடுநேரம் கரையாமல் சுற்றும். ஆகவே ஆண்குதிரையை ஏற்கும் பருவம் ஐந்து நாளோ ஏழு நாளோ நீளும். எந்த நாள் உடையும் என்று அறுதியிட்டுச் சொல்வது கடினம். வெளியேறிய முட்டைக்கோ அரை நாள் ஆயுள்கூட நிச்சயமில்லை. ஆகவே ஃபாலிக்கிள் 35 மி.மீ. ஆனதும் மருத்துவர்கள் எச்.சி.ஜி. ஊசி போடுகிறார்கள், பெரும்பாலான குதிரைகளில் இரண்டு நாளுக்குள் உடைந்துவிடும். அந்த மருந்து கர்ப்பிணிப் பெண்களின் சிறுநீரிலிருந்து எடுக்கப்படுவது. ஒரு தாயின் உடம்பில் ஊறியது, இன்னொரு தாயின் உடம்பில் வேலை செய்கிறது.

கடைசி நாள். ஈஸ்ட்ரோஜன் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியாயிற்று. சாத்துக்குடி மங்குகிறது. ஃபாலிக்கிள் வளர்வதை நிறுத்தி இளகுகிறது. உட்சுவரின் விளிம்பு ரம்பப் பல்லாக நெளிகிறது. உள்ளே, தாய் பிறப்பதற்கு முன்பே நின்றுபோன பிரிதலை முட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

உருண்டை இப்போது பேரிக்காயாக ஒரு பக்கம் கூம்புகிறது. பெரும்பாலான பாலூட்டிகளில் சினைப்பையின் மேற்பரப்பு முழுவதும் வாசல்தான். எங்கு வேண்டுமானாலும் உடையலாம். குதிரையின் சினைப்பையோ உள்வெளி மாறியது. முட்டைகள் வாழும் திசு உள்ளே, தடித்த உறை வெளியே. அவரைக்கொட்டையின் உள்வளைவில் இருப்பது போன்ற ஒரு பள்ளம். அது ஒன்றே வெளியேறும் வழி. ஃபாலிக்கிள் எங்கே பிறந்திருந்தாலும் அந்தப் பள்ளத்தை நோக்கித்தான் நீள வேண்டும்.

உடைகிறது. சில குதிரைகளில் ஒன்றரை நிமிடத்துக்குள் நீர் வடிந்துவிடும். சிலவற்றில் நிதானமாகக் கசியும். காலியான குழியில் ரத்தம் நிறைந்து, அடுத்த மஞ்சள் உடலம் உருவாகத் தொடங்குகிறது. முட்டை கருக்குழாய்க்குள் போகிறது. விந்தணு முன்கூட்டியே வந்து காத்திருந்தால் அது கருவாகி, தானே ப்ரோஸ்டாகிளாண்டின் சுரந்து குழாயைத் தளர்த்தி, ஆறாம் நாள் வாக்கில் கருப்பைக்குள் இறங்கும். கருவுறாத முட்டைக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. அது குழாயிலேயே தங்கி மெல்லச் சிதையும். முந்தைய பருவங்களில் அப்படித் தங்கிவிட்டவற்றைக் கடந்துதான் புதிய கரு கீழே இறங்குகிறது.