மணலில் எழுதிய பிள்ளைகள்

1623ஆம் ஆண்டின் பிற்பகுதியில், உரோமை நகரத்துப் பயணியான பியெத்ரோ தெல்லா வால்லே இக்கேரி நாயக்கரின் நாட்டில் ஒரு கோயிலின் முன்மண்டபத்தில் தங்கியிருந்தார். அங்கே சிறுவர் நால்வர் தரையில் மெல்லிய மணலைப் பரப்பி, பாடத்தை இராகமிட்டுப் பாடிக்கொண்டே விரலால் எழுதினர். தரை நிறைந்ததும் புதுமணல் தூவினர். ஆசிரியர் அருகில் இல்லை. பிழைகளைத் தமக்குள் தாமே திருத்திக்கொண்டனர். புனித பூமிக்குத் திருப்பயணம் செய்து, பாரசீகத்தையும் கடந்து வந்தவர் அவர். ஆயினும் இந்த எளிய காட்சி அவர் மடலில் விரிவாகவே இடம்பெற்றது.

வகுப்பறைக் கருவி என்றதும் இன்று நமக்குக் கணினியும் தொடுதிரையும் நினைவுக்கு வருகின்றன. மணலும் ஒரு கருவிதான். அது உலகைச் சுற்றிய கதை நம் சென்னையில் தொடங்குகிறது.

ஸ்காட்லாந்தில் பிறந்த ஆங்கிலிக்கன் குருவாகிய ஆண்ட்ரூ பெல் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் அமைந்த ஆண்பிள்ளைகள் அநாதை இல்லத்தை ஊதியமின்றி ஏற்று நடத்தினார். (படைக்குரு என்ற முறையில் பல பதவிகளின் ஊதியம் அவருக்கு வந்துகொண்டிருந்தது, ஆதலால் இதைப் பெருந்தியாகம் என்று சொல்வதற்கில்லை.) ஐரோப்பியப் படைவீரர்களுக்கும் இந்தியத் தாய்மாருக்கும் பிறந்த பிள்ளைகளே அங்குப் பெரும்பாலோர். ஒரு நாள் காலை குதிரைமீது செல்லுகையில், 'மலபார்ப் பள்ளி' ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரையே மலபார்கள் என்றழைத்தனர் என்பதை நினைவிற்கொள்க. தம் இல்லத்திலும் அவ்வாறே அரிச்சுவடி கற்பிக்கப் பணித்தார். இது நடவாத செயல் என்று ஆசிரியர் மறுத்துவிட்டார். உடனே பெல், ஜான் ஃபிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் சின்னஞ்சிறு பிள்ளைகளை ஒப்படைத்தார். ஆசிரியரால் ஆகாது என்ற வேலையை அச்சிறுவன் செய்துமுடித்தான்.

மணல் அதிசயம் எதையும் செய்துவிடவில்லை. ஆனால் அதில் விழுந்த பிழை ஒரு கைவீச்சில் மறைந்துவிடும். காகிதத்தைக் கெடுத்தாய் என்று எவரும் அதட்ட இயலாது. கையும் கண்ணும் நாவும் ஒருங்கே உழைத்தன. எல்லாவற்றிற்கும் மேலாக, தன்னை நம்பி இளையவன் ஒருவனை ஒப்படைத்திருக்கிறார்கள் என்ற பெருமிதம் ஒரு சிறுவனைப் படிக்கத் தூண்டியது. திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை அறிந்த நம் முன்னோர்க்கு இது புதுமையாய்த் தோன்றியிராது. குற்றம் செய்தவனைப் பற்றிய தீர்ப்பையும் பெல் அவனுடைய தோழர்களிடமே விட்டார். பிரம்புக்கு வேலை குறைந்தது.

1796இல் தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டு தம் சோதனையை இலண்டனில் நூலாக வெளியிட்டார். 1798இல் அந்நகரில் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர் இதே வழியை மாபெரும் அளவில் நடத்தினார். ஒரே கூடம், ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான மாணவர்! இளையோர்க்கு மணல், மூத்தோர்க்குக் கற்பலகை. செலவு குறைவு என்பதால் புரவலர்கள் மகிழ்ந்தனர். ஆனால் அத்தனை பேரையும் கட்டிக்காக்க, நன்றாய்ப் படித்தவனுக்குச் சீட்டும் பதக்கமும் பரிசும் வேண்டியிருந்தன. தவறியவன் கழுத்தில் மரக்கட்டை தொங்கியது. சிலரைக் கூடையிலிட்டுக் கூரையில் தொங்கவிட்டு மற்றவர் நகைக்கச் செய்தனர். லங்காஸ்டர் பிரம்படியை வெறுத்தவர் என்பதுதான் இதில் வேதனை. அடிக்கு மாற்றாக அவர் கண்டது அவமானம்.

1811இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் தேசியக் கழகம் பெல்லின் முறையை ஏற்று நாடெங்கும் பள்ளிகளை நிறுவியது. எண்ணிக்கை பெருகப் பெருக, பிள்ளைகள் மனப்பாட எந்திரங்களாயினர். ஆசிரியர் ஒருவரின் ஊதியத்தை மிச்சப்படுத்தும் உபாயமாகக் கருவி வகுப்பறைக்குள் நுழையும்போது, குழந்தையின் ஆவல் முதலில் வெளியேறுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. கணினி வாங்க நன்கொடை திரட்டும் பள்ளிக் குழுவினர், அதன்முன் அமரும் பிள்ளை அஞ்சாமல் பிழை செய்யலாமா, தான் கற்றதை அடுத்தவனுக்குச் சொல்லித்தரலாமா என்பவற்றையும் விலைப்பட்டியலோடு சேர்த்து விவாதிக்கலாம்.

பெல் 1832இல் மறைந்து வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கமானார். அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், அவர் விட்டுச்சென்ற பெருநிதியால் எழுந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்ற பெயரையே தாங்கி நிற்கிறது.